அஞ்சலையின் கணவர் எங்கிருந்தாலும்

சிதம்பரம் கோயிலுக்குள் கீழக் கோபுர வாசலில் நுழைந்து, தெற்குக் கோபுர வாசலில் வெளியே வந்து, "ஐயோ, என் செருப்பைத் தூக்கிட்டானுங்களே" என்று நீங்கள் எப்போதாவது கூச்சல் போட்டிருக்கிறீர்களா? போன ஆனி மாதம் நான் போட்டேன். என்ன செய்வது, நாலு கோபுரமும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. பூக்கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "பெரியவரே, எந்த வாசல்ல வுட்டீங்க?" என்று கேட்டார். "இதே வாசல்லதான்" என்று அடித்துச் சொன்னேன். அந்த உறுதி என் வாழ்க்கையில் வேறு எதிலும் எனக்கு இருந்ததில்லை.

ஆனி வெயிலில் தெற்கு வீதித் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓர் ஆள் நின்றால் அது நிற்பது ஆகாது, ஆடுவது ஆகும். ஆடவல்லான் ஊரில் நானும் என்னால் முடிந்ததை ஆடிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. மருமகள் பிரியா. எடுப்பதற்குள் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தபோது, நான் எடுத்தது தெரியாமல் பக்கத்தில் இருந்த என் மகனைப் பார்த்து அவள் கத்துவது கேட்டது.

"டேய் பிரவீன், மாமாவ காணும்டா! ஒனக்கு எதுனா அக்கறை இருக்கா? போன பாத்துக்கிட்டே வர!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று, நான் காணாமல் போய்விட்டேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது, கட்டிய புருஷனை 'டேய் பிரவீன்' என்று நட்ட நடுக் கோயிலில் கூப்பிடுகிறது அந்தப் பெண். அவனும் 'என்னடி' என்று சந்தோஷமாகத் திரும்புகிறான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் அம்மாவுக்கு மட்டும் இப்படி ஒரு வாய் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

என் அம்மா பெயர் அஞ்சலை. எங்களுக்குப் பூர்வீகம் அண்ணாகிராமம் பக்கம். பலாவும் முந்திரியும் வைத்திருந்த குடும்பம். அம்மா வாயால் சொல்லாத பெயர்கள் இரண்டு உண்டு. ஒன்று அப்பாவின் பெயர். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இன்னொன்று என் பெயர். எனக்கு என் தாத்தாவின் பெயரை வைத்துத் தொலைத்துவிட்டார்கள். மாமனார் பெயரை எந்த மருமகள் வாய்விட்டுச் சொல்வாள்? அதனால் கடைசிவரை நான் அவளுக்குத் 'தம்பி'தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டபோது, யாரடா அந்தப் பையன் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகும் என் பெயர் எனக்கு இரவல் சட்டை மாதிரிதான் இருந்தது. தோள்பட்டை கொஞ்சம் தொளதொள.

பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து உண்டில்லையா, தகப்பனார் எழுத்து? என்னிடம் மிஞ்சிய அப்பா அந்த ஒற்றை எழுத்துதான்.

அப்பா காணாமல் போனது இதே சிதம்பரத்தில், ஆனித் தேர் அன்று. எனக்கு அப்போது நாலு வயது. எனக்கே நினைவிருப்பது அம்மாவின் இடுப்பும், வியர்வையில் நனைந்த அவள் ரவிக்கையின் வாசமும், எங்கேயோ உயரத்தில் அசைந்து போன தேர்ச்சீலைகளும்தான். மீதியெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. கீழ வீதியில் ஒரு கடை ஓரமாக எங்களை உட்காரவைத்துவிட்டு, "இங்கயே இரு, ஒரு சோடா குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனார். கடலூர் மாவட்டத்திலேயே அவ்வளவு நேரம் எடுத்துச் சோடா குடித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. இன்னும் குடித்து முடிக்கவில்லை.

தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகுதான் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மைக் பந்தலுக்குப் போயிருக்கிறாள். தொலைந்து போனவர்களைக் கூப்பிடும் பந்தல்.

"வூட்டுக்காரர் பேரு என்னாம்மா?"

அம்மா வாயைத் திறக்கவில்லை.

"பேரச் சொன்னாத்தானம்மா கூப்புட முடியும்? டேய் தம்பி, ஒங்கப்பா பேரு என்னா?"

"அப்பா" என்றேனாம் நான். அறிவுக்கொழுந்து.

மைக்குக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த ஒரே பெயரைப் போட்டு அறிவித்துவிட்டார்: "அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அஞ்சலையின் கணவர் எங்கிருந்தாலும் உடனடியாக மைக் பந்தலுக்கு வரவும்." நாலு வீதிக்கும் கேட்டது. அஞ்சலையின் கணவர் வரவில்லை.

அன்று வராததைவிடப் பெரிய கொடுமை அதற்குப் பிறகு நடந்தது. ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புட்டா மானமுள்ளவன் எவன் வருவான்? பேர் ஒண்ணு சொல்லித் தொலைச்சிருந்தா எந்தம்பி வந்திருப்பான்." ஊர் முழுக்க இதையே சொன்னது. கல்யாண வீட்டில், எழவு வீட்டில், பஸ்ஸில். கடைசியில் அம்மாவும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பேசினவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். அவள் மட்டும் விடவில்லை.

நாங்கள் கடலூருக்குக் குடிவந்தோம், திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்கு. அம்மா முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வறுத்த முந்திரிக்கொட்டையின் புகை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குத் தூக்கம் வரும். ஆமாம், தூக்கம்தான். ஏனென்றால் முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் என் தலையைக் கோதிக்கொண்டே அவள் கதை சொல்வாள். அந்த விரல்களில் சாம்பலும் புகையும் கலந்து ஒரு வாசனை இருக்கும்.

அவள் கதைகள் எல்லாவற்றிலும் யாராவது யாரையாவது தேடிப் போவார்கள். ராஜா காட்டில் காணாமல் போவான், ராணி தேடிப் போவாள். அண்ணனைத் தேடித் தங்கச்சி ஏழு கடல் தாண்டுவாள். வழியில் எறும்பைக் கேட்பாள், எருமையைக் கேட்பாள், ஏரியைக் கேட்பாள். "அப்பறம் கண்டுபுடிச்சிட்டாளா?" என்று நான் கேட்பேன்.

"இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கா. நீ தூங்கு."

அவள் கதை ஒன்றுகூட முடிந்ததில்லை. இப்போது கணக்குப் போட்டால் அந்த நாலு முழப் பாயைச் சுற்றி எத்தனை ராணிகள் நடந்துகொண்டே இருந்தார்களோ. பள்ளியில் 'உனக்குத் தெரிந்த கதை ஒன்று எழுதுக' என்று தேர்வில் வந்தது. நானும் எழுதினேன், கடைசி வரியாக 'இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்' என்று போட்டேன். வாத்தியார் பக்கத்தில் சிவப்பு மையில் 'முடிவு எங்கே?' என்று எழுதிக்கொடுத்தார். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

படிப்பு எனக்கு அவ்வளவாக ஓடவில்லை. குரல் மட்டும் நன்றாக ஓடியது. பத்தாவது முடித்த கையோடு சிதம்பரத்தில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருந்த என்னை, முதலாளி ஒரு வருஷம் ஆனித் தேருக்குக் கீழ வீதிப் பந்தலில் உட்காரவைத்தார். காணாமல் போனவர்களைக் கூப்பிடும் வேலை. வேண்டுமென்று நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அம்மாவிடம் சொன்னபோது அவள் உடைத்துக்கொண்டிருந்த கொட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தப் பந்தலு?"

"கீழ வீதிம்மா."

"நானும் வரேன்."

அந்த வருஷம் தொடங்கி ஒவ்வோர் ஆனித் தேருக்கும் அம்மா வந்தாள். கடலூரிலிருந்து முதல் பஸ். கையில் எலுமிச்சம் சோறு அடைத்த தூக்கு. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி அவளுக்கு நிரந்தரம். வெறுமனே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். முதல் வருஷமே என் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அஞ்சலைகள் வந்துகொண்டே இருந்தார்கள். புருஷனைத் தொலைத்துவிட்டுப் பெயர் சொல்ல முடியாமல் நிற்கிற பெண்கள்.

"பேரு என்னாக்கா?" என்பேன் நான்.

"அவரு பேருதாங்க."

"அதத்தான் கேக்கறேன்."

"அதான் தம்பி... எங்கூட்டு ஆளு பேரு."

பின்னாலிருந்து அம்மா வருவாள். "தம்பி, நீ செத்த கம்முன்னு இரு. ஏம்மா, சாமி பேரா?"

"சாமி பேருதாங்க்கா."

"மலை மேல இருக்கிற சாமியா? முருகனா?"

"அய்ய, அது எங்க கொழுந்தன் பேரு. இது அந்தாண்ட மலை. மொட்டை போடுவாங்களே, லட்டு குடுப்பாங்களே..."

"ஏழுமலையா?"

அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆமாம் என்று அர்த்தம். நான் மைக்கைப் பிடித்து ஏழுமலையைக் கூப்பிடுவேன். எங்கள் நடுநாட்டுப் பக்கம் ஏழுமலை என்று கூப்பிட்டால் ஒரு பஸ் நிறைய ஆள் வருவார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். வந்தவர்களில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், "எம் பொண்டாட்டி ஊருலதான் இருக்கா. ஆனா பேரக் கூப்புட்டுட்டீங்க, வராம இருக்கறது மரியாதை இல்ல பாருங்க" என்று சொல்லி, எங்கள் தூக்கிலிருந்து ஒரு கை எலுமிச்சம் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு அம்மா தூக்கை மூடிவைத்தாள். அப்புறம் சொன்னாள்: "பாரு, பேரச் சொன்னா வர்றாங்க."

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, செட்டைக் கழற்றுவதற்கு முன்னால், நானே ஒரு பெயரைக் கூப்பிடுவேன். ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் சேர்த்து. அம்மா சொல்லாத அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, அவளுக்குப் பிடிக்காது. நான் கூப்பிடும்போது அவள் என்னைப் பார்க்கமாட்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொள்வாள். அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும். முடி நரைத்தது, முன்நெற்றி ஏறியது, ஒதுக்குவதற்கு அங்கே முடியே இல்லாமல் போனது. கை மட்டும் போய் ஒதுக்கும்.

ஒரே ஒரு முறை ஒருவர் வந்தார். அதே பெயர்க்காரர். உயரமாக, கையில் மஞ்சள் பையோடு. "யாரு கூப்புட்டது?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவரை ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இவரு இல்ல" என்றாள். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க, ஒக்காருங்க" என்று நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. வருஷக்கணக்காக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அவரு என்ன கொழந்தையா? சிதம்பரத்துலேர்ந்து ஊருக்கு வழி தெரியாதா? நிமிஷத்துக்கு ஒரு பஸ்சு ஓடுது. வரணும்னு நெனைச்சா வந்திருக்கமாட்டாரா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது.

"நான் பேரச் சொல்லலடா தம்பி. அதான் வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே, ஊருக்கு முன்னாலேயே, ஒருவேளை அந்தச் சோடாவுக்காக அவர் எழுந்து போன விதத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் தப்பு அவள் பேரில் இருக்கிறவரைதான் அவர் விட்டுவிட்டுப் போனவர் ஆகமாட்டார்; தொலைந்து போனவராக இருப்பார். தொலைந்தவர் என்றால் கிடைக்கலாம். பெரியப்பா அவள் தலையில் போட்ட கல்லை அவள் எடுத்துத் தலையணையாக வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் போய் அதை உருவப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதற்கிடையே ஆளாளுக்குக் கையில் போன் வந்துவிட்டது. பந்தலுக்கு வருகிற கூட்டம் தேய்ந்தது. குழந்தையைத் தொலைத்தவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் வருவதற்குள் குழந்தை கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது. முழுத் தேர் நாளும் நான் நகைக்கடை விளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் தேருக்கு முன்னாலேயே முதலாளி சொல்லிவிட்டார்: "அடுத்த வருசம் இந்தப் பந்தல் வேணாம்ப்பா. யாரு வரா?"

அதுதான் கடைசி வருஷம். இதுதான் கடைசி என்று அம்மாவிடம் சொல்லித்தான் அழைத்துப் போயிருந்தேன். சாயங்காலம் நான் வழக்கம்போல அந்தப் பெயரைக் கூப்பிட்டு முடித்து, மைக்கை அணைக்கப் போனேன்.

"தம்பி, அத இப்படிக் குடு."

"எதம்மா?"

"மைக்கதான். நான் ஒரு தரம் கூப்புடறேன்."

ஒரு வாழ்நாள் முழுக்கச் சொல்லாததைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு எட்டுகிற மாதிரி ஸ்டாண்டைத் தாழ்த்தினேன். அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். மைக்கை ரொம்பப் பக்கத்தில், காதோடு பேசுகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

"என்னங்க..."

கீழ வீதியே திரும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தெருவில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் திரும்பினார்கள். பலூன்காரர் திரும்பினார். வளையல் கடைக்காரர் சில்லறை எண்ணுவதை விட்டுத் திரும்பினார். தேர்வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் பதறித் திரும்பி, "எங்கூட்டுக்காரியோன்னு நெனைச்சிட்டேன்" என்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் அம்மா.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். திரும்பிய ஒவ்வொரு முகமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒன்றைக்கூட விடாமல். நானும் பார்த்தேன். எனக்கு அவர் முகம் தெரியாது, இருந்தாலும் பார்த்தேன்.

கடைசி முகமும் திரும்பிப்போன பிறகு மைக்கை என்னிடம் கொடுத்தாள். "செரி, கட்டு."

பஸ்ஸில் கேட்டேன். "பேரச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா ஆயுசு கொறையும்டா." தூக்கு மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே, "எங்கயோ நல்லாத்தான் இருக்காரு. நான் சொல்லாம இருக்கறதாலதான் இருக்காரு" என்றாள். தூக்கில் மிச்சமிருந்த எலுமிச்சம் சோறு புளித்த வாசம் அடித்தது. அன்று யாருமே சாப்பிட வரவில்லை.

அடுத்த ஆனிக்கு அவள் இல்லை. அவளை எடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. சுமங்கலியாக அனுப்புவதா, வேறு மாதிரியா என்று பெண்கள் கையில் பூவை வைத்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "மாப்ள, என்னா முடிவு? ஆளு இருக்காரா இல்லியான்னே தெரியாதே" என்றார்.

"காணாமப் போயிருக்காரு மாமா. அவ்ளோதான். பூ வெக்கச் சொல்லுங்க."

வைத்தார்கள். மல்லிகை. அந்தக் கறுத்த விரல்களில் மஞ்சள் பிடிக்கவே இல்லை.

சரி, என் செருப்புக்கு வருகிறேன். பிரியா போனில், "மாமா, நகராதீங்க, அங்கயே நில்லுங்க. ஒங்க லொக்கேஷன் எனக்குக் காட்டுது" என்றாள். காட்டியது. கொஞ்ச நேரத்தில் கையில் என் செருப்போடு வந்து நின்றாள். "கீழ கோபுரத்துலயே, வுட்ட எடத்துலயேதான் இருந்திச்சு மாமா. என்னா மாமா நீங்க, இந்த ஊர்லயா மைக்குல வழி சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்று சிரித்தாள். விட்ட இடத்திலேயே கிடந்ததாம். நல்ல செருப்பு. காலில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. வயதான குரல், கூட்டத்தில் கொஞ்சம் பயந்த குரல். "என்னங்க... என்னங்க..."

நான் திரும்பினேன். என்னை இல்லை. என் வீட்டுக்காரி மூட்டு வலி என்று கடலூரிலேயே இருந்துவிட்டாள். அவளும் என்னைப் 'பிரவீன் அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் திரும்புவேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க இல்லை. கூட யார் யார் திரும்புகிறார்கள் என்று பார்க்க. பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், வடலூர் பூசக் கூட்டத்தில், எங்கே கேட்டாலும் அப்படித்தான். அப்பா இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். வயசானவர் முகமாகத் தேடுவேன்.

அன்று தெற்கு வீதியில் நான் மட்டும்தான் திரும்பினேன். மற்றவர்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு, கையில் இருக்கிற போன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டி இன்னொரு தரம் கூப்பிட்டாள். ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லாம் முதுகுகள்.

திரும்பினால்தானே முகம் தெரியும்.